டயரைத் தின்னும் தொழில்

குனிமித்சு தகாஹாஷி முதலில் மோட்டார் சைக்கிள்காரர். 1961ல் ஹோண்டா 250 சிசி வண்டியில், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் களத்தில் ஜெயித்து, உலக கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானியர் என்று பேர் வாங்கினார். மறு வருடம் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் விழுந்து, பிழைப்பாரா என்று தெரியாத நிலையில் கிடந்தார். தேறி எழுந்தவர் அறுபதுகளின் நடுவில் நாலு சக்கரத்துக்கு மாறி, நிசான் கம்பெனிக்கு ஓட்டத் தொடங்கினார்.

அந்தக் காலப் பந்தயக் கார்களில் ரேடியல் டயர் கிடையாது. நம் ஊர் டயர் கடைகளில் நைலான் டயர் என்பார்களே, அந்தக் குறுக்கு இழை வகைதான். பிடிமானம் குறைவு, ஆனால் வழுக்கத் தொடங்கினால் சட்டென்று கைவிடாது, மெதுவாகத்தான் வழுக்கும். தகாஹாஷி இதைப் பயன்படுத்திக்கொண்டார். வளைவுக்குள் வேகத்தோடு நுழைவார். பின்பக்கம் வெளியே போகும், போகவிடுவார். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, கார் குறுக்கே நின்றபடியே வளைவைக் கடந்து, நேர்ப்பாதை தெரிந்ததும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் போய்விடுவார். பார்த்தவர்கள் வாய்பிளந்து நின்றார்கள். ஆனால் நிசான் அவருக்குச் சம்பளம் கொடுத்தது முந்தி வந்ததற்காக. சறுக்கல் அவருடைய வழி, அவ்வளவே. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. அவருக்குப் பின் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. சறுக்குவதற்கென்றே யாராவது சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தினார்களா என்று தேடிப் பார்த்தால், கிடைக்கிற பெயர்கள் மிகக் குறைவு. டிரிஃப்ட் என்று பின்னால் பேர் பெற்ற இந்தச் சறுக்கலை ஓட்டியவர்கள் பிழைத்தார்கள், நன்றாகவே பிழைத்தார்கள் சிலர். பணம் மட்டும் எப்போதும் பக்கத்துக் கதவு வழியாகத்தான் வந்தது.

இந்த விளையாட்டை நான் பார்த்தது காருக்கு அடியிலிருந்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டியரிங் நக்கிள் கடையும் பிரிவில் வேலை தொடங்கினேன். இப்போது ஜப்பானில், டோக்கியோவுக்குத் தெற்கே கனகாவா மாகாணத்தில், அதே நக்கிளோடுதான் பொழுது போகிறது. முன்சக்கரத்தைத் தாங்கி, ஸ்டியரிங் சொல்கிற பக்கம் திருப்புகிற இரும்புத் துண்டு அது. டிரிஃப்ட்காரர்கள் முதலில் கைவைத்த பாகங்களில் அதுவும் ஒன்று.

எழுபதுகளில் தகாஹாஷியைப் பார்த்துக் கிறுகிறுத்துப் போன பையன்களில் ஒருவர் கெய்ச்சி ட்சுச்சியா. 1956ல் நகானோ மாகாணத்தில் பிறந்தவர். நகானோ முழுக்க மலை. ஊருக்கு ஊர் கொண்டை ஊசி வளைவுகள். தோகே என்று சொல்லப்படும் அந்த மலைப்பாதைகளில் இரவு லாரிகள் அடங்கிய பிறகு பையன்கள் கார்களோடு வருவார்கள். ட்சுச்சியா அங்கே பழகியதை எடுத்துக்கொண்டு 1977ல் பந்தயக் களத்துக்குப் போனார். பணக்காரக் கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. கையில் கிடைத்த கார்களை ஓட்டி, எண்பதுகளில் டொயோட்டா ஏஇ86 காரில் பேர் எடுத்தார்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1983 முதல் 1987 வரை வந்த கொரோலா குடும்பத்து வண்டி. 1,587 சிசி எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அந்தத் தலைமுறை கொரோலாவில் பெரும்பாலான மாடல்கள் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டன. இது பழையபடி பின்சக்கர இழுவையிலேயே நின்றது. எஞ்சின் பலம் பெரிதில்லை. அதனால் ஓட்டுகிறவன் எடையை முன்னும் பின்னும் தள்ளி, பிரேக்கையும் கிளட்சையும் வைத்துக் காரை ஏமாற்றிச் சறுக்கவைக்க வேண்டும். பலமுள்ள காரில் வலது கால் செய்கிற வேலையை இதில் புத்தி செய்யவேண்டும். ட்சுச்சியா பந்தயத்தில் முன்னணியில் இருந்தால் கூட்டத்துக்காக வளைவுகளில் சறுக்கிக் காட்டுவார். ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள்.

1987ல் கார் பத்திரிகைகள் சிலவும் டியூனிங் பட்டறைகள் சிலவும் சேர்ந்து அவர் மலைப்பாதையில் ஓட்டுவதை ‘பிளஸ்பி’ என்ற வீடியோவாக எடுத்து விற்றன. அந்த நாடா நாடெங்கும் சுற்றியது. பின்னாளில் பட்டம் வென்ற ஓட்டுநர்களில் பலர் அதைத் தேயத் தேயப் போட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள். டிரிஃப்ட் என்பதைப் பணமாக்கிய முதல் பொருட்களில் ஒன்று வீடியோ கேசட் என்பதை இன்றைய யூடியூப் பையன்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதை அடுத்து ‘ஆப்ஷன்’ பத்திரிகை. 1981ல் அதைத் தொடங்கிய டைஜிரோ இனாடா எண்பதுகளின் கடைசியில் டிரிஃப்ட் போட்டிகள் நடத்த ஆரம்பித்தார். நடுவர் நாற்காலியில் ட்சுச்சியா. போட்டியைப் படம் பிடித்து வீடியோவாக விற்றார்கள், பத்திரிகையில் போட்டார்கள், பக்கத்திலேயே உதிரிபாக விளம்பரம் வந்தது. ஓட்டின பையனுக்குக் கிடைத்தது நாலு வரிப் புகழும், ஒரு போட்டோவும்.

அந்தப் பையன்களில் ஒருவரை எனக்குத் தெரியும். என் பிரிவில் மூத்த டெக்னீஷியன், நாங்கள் சென்பாய் என்றே கூப்பிடுவோம். ஹகோனே மலையடிவாரத்து ஊர்க்காரர். அவர் சொல்லித்தான் அந்தக் கால வரவுசெலவு எனக்குப் புரிந்தது.

1988ல் நிசான் சில்வியா எஸ்13 வந்தது. அழகான வண்டி, அந்த வருடத்துக்கான ஜப்பானின் சிறந்த கார் விருதும் அதற்குத்தான். பங்குச் சந்தையும் நிலவிலையும் வானத்தைத் தொட்ட காலம் அது. பையன்கள் கடன் வாங்கி, காதலியை ஏற்றிக்கொண்டு போவதற்கு இதை வாங்கினார்கள். 1990ல் சந்தை சரிந்தது. கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. தவணை கட்ட முடியாதவர்கள் காரைத் தள்ளிவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் செகண்ட் ஹேண்ட் சில்வியா குவிந்து கிடந்தது. பின்சக்கர இழுவை, டர்போ எஞ்சின், சின்ன உடம்பு, சொற்ப விலை. டிரிஃப்ட் ஒரு தலைமுறையின் பித்தாகப் பரவியதற்கு ட்சுச்சியாவின் வீடியோ எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்தப் பொருளாதாரச் சரிவும். நல்ல சம்பளக் காலத்தில் தயாரான கார், சம்பளம் இல்லாதவன் கையில் வந்து விழுந்தது.

சென்பாய் மாலையில் பெட்ரோல் பங்க் வேலைக்குப் போனார். அன்றைக்கு ஜப்பானில் வாடிக்கையாளர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. 1998ல்தான் அனுமதி வந்தது. ஆகவே எல்லா பங்கிலும் பையன்கள் வேண்டியிருந்தது. பங்கில் கார் தூக்கும் லிஃப்ட் இருந்தது, டயர் கழற்றும் மிஷின் இருந்தது, முக்கியமாகப் பழைய டயர் இருந்தது. கழற்றிய டயரை அப்புறப்படுத்தக் கடைக்காரர் காசு கொடுக்கவேண்டும் என்பதால், “எடுத்துக்கொண்டு போ” என்று சந்தோஷமாகத் தந்துவிடுவாராம். முன்சக்கரத்துக்கு நல்ல டயர், பின்சக்கரத்துக்கு வழுக்கையான ஓசி டயர்: இதுதான் அன்றைய சூத்திரம். பங்குகள் சுயசேவைக்கு மாற மாற அந்த வேலையும் அந்த லிஃப்ட்டும் அந்த ஓசி டயரும் சேர்ந்தே குறைந்தன. வரலாற்றுப் புத்தகங்களில் இது வராது. என் கணக்கில், சின்னப் பையன்கள் இந்த விளையாட்டுக்குள் வருவது குறைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

நக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். கார் குறுக்கே நிற்கும்போது முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியாக வேண்டும். கம்பெனி கார் திரும்புகிற அளவு போதாது. எல்லையைத் தொட்டதும் கார் சுழன்றுவிடும். நக்கிளில் இருந்து நீளும் சின்னக் கை ஒன்று உண்டு, ஸ்டியரிங்கின் அசைவைக் கொண்டுவரும் டை ராட் என்ற தண்டின் முனையை அதன் நுனியில்தான் மாட்டுகிறோம். அந்தக் கையைக் குட்டையாக்கினால், டை ராட் அதே அளவு நகர்ந்தாலும் சக்கரம் கூடுதலாகத் திரும்பும். பையன்கள் கையை அறுத்து, ஒரு விரல் அகலத்தை எடுத்துவிட்டு, திரும்ப வெல்டிங் வைத்தார்கள். சென்பாய் தன் பழைய நக்கிள் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெல்டிங் மேலே தடித்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே முழுக்க இறங்கவில்லை; அறுத்த கோடு அடிப்பக்கத்தில் மயிரிழையாகத் தெரிந்தது. ஓடும்போது அது விட்டிருந்தால் சக்கரம் மடிந்து கார் நேராகப் பள்ளத்துக்குள் போயிருக்கும். நல்ல வெல்டரிடம் கொடுத்துச் செய்தவன் பிழைத்தான். அந்த நல்ல வெல்டர்தான் பிறகு பட்டறை போட்டு, நக்கிளும் லோயர் ஆர்மும் செய்து விற்று, இன்று வரை அதில் வாழ்கிறார். சக்கரம் அறுபது பாகைக்கும் மேல் திரும்புகிற செட்டுகள் இப்போது பெட்டியில் போட்டு உலகம் முழுக்க அனுப்பப்படுகின்றன.

மலைப்பாதையில் செத்தவர்களும் உண்டு. சென்பாயின் கூட்டாளி ஒருவர் ஹகோனே பக்கத்தில் தடுப்பு இரும்பில் மோதி இறந்தார். அதற்குப் பிறகு இவர் பொதுச் சாலையில் சறுக்கியதில்லை. மாகாண நிர்வாகங்கள் வளைவுகளில் குறுக்குமேடுகளும் நடுக்கம்பங்களும் வைத்தன, போலீஸ் இரவில் காத்திருந்தது. மலைக்குப் போகிறவர்கள் களங்களைத் தேட ஆரம்பித்தார்கள். 1995ல் ஷுயிச்சி ஷிகெனோ வரையத் தொடங்கிய ‘இனிஷியல் டி’ காமிக்ஸ், டோஃபு டெலிவரி செய்யும் பையன் ஏஇ86ல் மலையிறங்கும் கதை. அதைப் படித்த புதுக் கூட்டம் ஒன்றும் இதே சமயத்தில் வந்து சேர்ந்தது.

களம் என்றால் ஃபுகுஷிமா மாகாணத்து எபிசு. நிஹொன்மத்சு ஊருக்கு மேலே, சஃபாரி பூங்கா ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரே மலையில் பல தடங்கள். 2000 அக்டோபரில் தொழில்முறை டிரிஃப்ட் போட்டி என்று ட்சுச்சியாவும் இனாடாவும் ஒன்றை இங்கேதான் நடத்தினார்கள். 2001ல் அது டி1 கிராண்ட் பிரீ ஆனது. கடிகாரம் பார்த்து வெற்றி சொல்கிற விளையாட்டு இல்லை இது. நுழைகிற வேகம், காரின் கோணம், போகிற கோடு, துணிச்சல் இவற்றை நடுவர்கள் பார்த்துப் புள்ளி போடுவார்கள். பிறகு இரண்டு கார்களை ஜோடியாக விட்டு, முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் எவ்வளவு ஒட்டிப் பிடிக்கிறான் என்று பார்ப்பார்கள். பிற்காலத்தில் தனி ஓட்டத்துக்கு மிஷின் வைத்துப் புள்ளி கணக்கிடும் முறையும் வந்தது.

முதல் சாம்பியன்களின் பிழைப்பைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். 2001ல் வென்ற நொபுதேரு தனிகுச்சி பிறகு சர்க்யூட் பந்தயத்துக்குப் போய், சூப்பர் ஜிடி தொடரின் ஜிடி300 பிரிவில் 2011, 2014, 2017 என மூன்று முறை சாம்பியன் ஆனார். 2002ல் வென்ற கட்சுஹிரோ உவேயோ ஓட்டியது, உற்பத்தி நின்று பதினைந்து வருடம் ஆன அந்த ஏஇ86. சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு பெரிய டர்போக்காரர்களை ஓரங்கட்டிய அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. யோய்ச்சி இமாமுரா 2003ல் ஒரு முறையும், 2009 முதல் 2011 வரை தொடர்ந்தும் ஆக நான்கு பட்டம். டைகோ சைட்டோ 2008ல் டி1ஐயும் 2012ல் அமெரிக்காவின் ஃபார்முலா டிரிஃப்ட்டையும் வென்றார். ஃபேட் ஃபைவ் ரேசிங் என்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை, பந்தய ஒப்பந்தம், உதிரிபாகக் கம்பெனியின் விளம்பரம், நிகழ்ச்சிகளில் வித்தை காட்டல்: இவை சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. டயர் கம்பெனிக்காரன் டயர் தருவான், ஸ்பிரிங் கம்பெனிக்காரன் ஸ்பிரிங் தருவான். அரிசி வாங்க அது உதவாது. ஆனால் பட்டறை வாசலில் வாடிக்கையாளர் வரிசை நிற்க, பட்டமும் ஸ்டிக்கரும் உதவும்.

ட்சுச்சியாவின் கதையும் இதேதான். டிரிஃப்ட் கிங் என்று உலகமே சொன்னது. ஆனால் அவர் 1995ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டி ஜிடி2 பிரிவை வென்றார். கூட ஓட்டியவர்களில் ஒருவர் அதே தகாஹாஷி. பையனாக இருந்து வியந்து பார்த்தவரோடு அதே காரில் கைமாற்றி ஓட்டும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1999ல் டொயோட்டா அணியில் மொத்தப் பந்தயத்திலேயே இரண்டாம் இடம். அதோடு கார் வீடியோ இதழ்களில் சோதனை ஓட்டம், பந்தய அணி நிர்வாகம், அனிமேஷன் தொடருக்கு ஆலோசனை, 2006ல் வந்த ‘டோக்கியோ டிரிஃப்ட்’ படத்தில் மீன்பிடிக்கிறவராக ஒரு சின்னத் தலைகாட்டல். சறுக்கல் அவருக்குக் கொடுத்தது பெயரை. பெயர் மற்ற கதவுகளைத் திறந்தது.

நொபுஷிகே குமாகுபோ வேறு வகை. 2006ல், பின்சக்கர இழுவைக்கு மாற்றிய சுபாரு இம்பிரெசாவில் டி1 சாம்பியன். எபிசு களத்தை நடத்தியவரும் அவர்தான். டீம் ஆரஞ்சு என்று அணி வைத்து நிகழ்ச்சி நடத்தினார். வருடத்தில் சில முறை டிரிஃப்ட் மத்சுரி என்று திருவிழா வைத்து எல்லாத் தடங்களையும் திறந்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் கட்டினால் இரவும் பகலும் ஓட்டலாம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, உள்ளூரில் பழைய சில்வியா வாங்கி ஓட்டினார்கள். அவர்களுக்குக் கார் வாடகைக்கு விட, கற்றுக்கொடுக்க, தங்க இடம் தர என்று மலையைச் சுற்றி ஒரு சின்னப் பொருளாதாரமே உருவானது. டிரிஃப்ட்டில் நிலையான வருமானம் பார்த்த தொழில் எது என்று என்னைக் கேட்டால், ஓட்டுவதற்கு இடம் கொடுத்த தொழில் என்பேன். அதுவும் பத்திரமானது அல்ல: 2021 பிப்ரவரி 13 இரவு ஃபுகுஷிமா கடலில் வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து மண் தடத்தின் மேல் வந்து விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எபிசு முடிந்தது என்றார்கள். மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு மீண்டும் திறந்தார்கள்.

சென்பாயோடு நானும் மத்சுரிக்குப் போவதுண்டு, கைவேலைக்கு. ஒரு பையன் நினைவில் நிற்கிறான். வார நாட்களில் பார்சல் டெலிவரி வேலை, எஸ்14 சில்வியா. தடத்திலிருந்து வெளியே வந்து நிறுத்தியதும் காரின் பின் மட்கார்டு உள்பக்கம் முழுக்க ரப்பர் துருவல் அப்பியிருக்கும். டயரைத் தொட்டால் கை சுடும். விரலை எடுத்தால் ரப்பர் கூடவே இழுபடும். சூட்டில் காற்றழுத்தம் ஏறியிருக்கும் என்பதால் முதலில் அதை அளந்து இறக்குவான். மேல்ரப்பர் போய்க் கம்பி வெள்ளையாகத் தெரிந்தால் அந்த ஜோடி கதை முடிந்தது. ஊரில் ஒருவர் மூன்று நாலு வருடம் ஓட்டுகிற டயர் இங்கே ஒரு மதியத்துக்குத் தாங்காது. நான் ஜாக்கி வைத்துத் தூக்க, அவன் சக்கரத்தைக் கழற்றி, ஹையேஸ் வேனில் அடுக்கியிருந்த அடுத்த ஜோடியைப் போடுவான். முன்பம்பர் சுவரில் உரசிப் பிளந்திருந்தது. டிரில் மிஷினால் விரிசலின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டு, கேபிள் டை கோத்து இழுத்துத் தைத்தான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி வரிசையில் நின்றான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகிறது என்றான். “இதிலேயே பிழைக்க வேண்டும் என்று ஆசை உண்டா?” என்று கேட்டேன். “எனக்கு ஓட்டவேண்டும். பிழைக்க வேலை இருக்கிறது” என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அமெரிக்கா இதைத் தொழிலாக்கப் பார்த்த விதம் வேறு. 1996ல் ‘ஆப்ஷன்’ ஆட்கள் கலிஃபோர்னியாவின் வில்லோ ஸ்பிரிங்ஸ் களத்தில் ஒரு போட்டி நடத்தினார்கள். 2003ல் டி1 அங்கே இர்வின்டேல் மைதானத்துக்குப் போனது. அதே வருடம் ஜிம் லியாவ், ரயன் சேஜ் இருவரும் ஃபார்முலா டிரிஃப்ட்டைத் தொடங்கி, 2004ல் முதல் தொடரை நடத்தினார்கள். அங்கே ஸ்பான்சர் பணம் பெரிது. பானக் கம்பெனி, டயர் கம்பெனி, கார் கம்பெனியே நேராக வந்தது. இருந்தும் பாருங்கள்: முதல் சாம்பியன் சாமுவேல் ஹூபினெட்டும் அடுத்தவர் ரீஸ் மில்லனும் சினிமா ஸ்டன்ட்காரர்கள், ‘டோக்கியோ டிரிஃப்ட்’ படத்தில் இருவருக்கும் வேலை இருந்தது. 2007, 2008ல் வென்ற டேனர் ஃபவுஸ்ட் ஸ்டன்ட்டோடு தொலைக்காட்சிக்கும் போனார். 2010 சாம்பியன் வான் கிட்டின், ஃபோர்டு மஸ்டாங் கார்களை மாற்றியமைத்து விற்கும் ஆர்டிஆர் நிறுவனத்தை நடத்துகிறார். அயர்லாந்தின் ஜேம்ஸ் டீன் 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்றார். இப்படி ஓட்டுவதையே முழுநேரமாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். உலகம் முழுக்கச் சேர்த்தால் அவர்கள் ஒரு பேருந்தில் அடங்கிவிடுவார்கள் என்பது என் மதிப்பீடு.

பணம் பெரிதான அளவுக்குச் செலவும் ஏறியது. ஏஇ86 பட்டம் வென்ற காலம் போய், ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சின் சாதாரணமாகிவிட்டது. எஞ்சின் பலம் கூடினால் டயர் சீக்கிரம் போகும், கியர்பாக்ஸ் போகும், ஆக்சில் போகும். மாற்ற ஆட்கள் வேண்டும், ஏற்றிச் செல்ல லாரி வேண்டும். 2016ல் மசாத்தோ கவாபாட்டா ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலையத்தில் நிசான் ஜிடி-ஆர் காரை மணிக்கு 304.96 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கவைத்துக் கின்னஸில் ஏறினார். பிரமிப்பான காரியம்தான். பெட்ரோல் பங்க் பையன் எட்டிப் பிடிக்கிற இடத்தில் அது இல்லை.

கார்களும் போய்விட்டன. சில்வியாவின் கடைசி மாடல் எஸ்15, 2002ல் நின்றது. மலிவான பின்சக்கர இழுவைக் கார் அதற்குப் பின் அரிதானது. அமெரிக்காவில் இருபத்தைந்து வருடம் ஆன வெளிநாட்டுக் காரைத் தடையின்றி இறக்கலாம் என்று சட்டம். அந்தக் கணக்குப்படி 1988ன் எஸ்13க்கு 2013ல் கதவு திறந்தது. ஜப்பானிய ஏலக் கூடங்களில் வெளிநாட்டு ஏற்றுமதிக்காரர்கள் ஏலம் ஏற்ற ஏற்ற, ஒரு காலத்தில் யாரும் சீந்தாத சில்வியா இன்று புதுக் காரின் விலை கேட்கிறது. ஆக, இந்த விளையாட்டின் பெயரால் நல்ல காசு பார்த்தவர்களில் பழைய கார் வியாபாரிகளும் உண்டு. அதே விலையேற்றம் அடுத்த தலைமுறைப் பையனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

2010 டிசம்பரில் ட்சுச்சியாவும் இனாடாவும் தாங்கள் வளர்த்த டி1ஐ விட்டு விலகினார்கள். டி1 அவர்கள் இல்லாமலும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. 2017ல் உலக மோட்டார் விளையாட்டின் தலைமை அமைப்பான எஃப்ஐஏ டோக்கியோ ஒடைபாவில் முதல் உலகளாவிய டிரிஃப்ட் கோப்பையை நடத்தி இதற்கு முறையான இடம் கொடுத்தது. 2023ல் ஃபின்லாந்தின் உலக ரேலி சாம்பியன் கல்லே ரோவன்பெரா எபிசுவுக்கு வந்து, ஃபார்முலா டிரிஃப்ட் ஜப்பான் சுற்று ஒன்றில் இறங்கி ஜெயித்துவிட்டும் போனார். அப்போது அவருடைய சம்பளம் ரேலியிலிருந்து வந்தது. தகாஹாஷி 2022ல் காலமாகிவிட்டார், இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார்.

ஊருக்கு வரும்போது அண்ணன் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும், “சித்தப்பா, டிரிஃப்ட் ஓட்டியே சம்பாதிக்க முடியுமா?” என்று கேட்கிறார்கள். முடியும் என்று சொல்வது பொய். முடியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. ஜப்பானில் இதில் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் கையில் வேறொரு தொழில் இருந்தது, அந்தத் தொழில் காரைச் சுற்றியே இருந்தது. இந்தியாவில் மலிவுக் கார்கள் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கர இழுவை. தமிழ்நாட்டில் ஓட்ட நல்ல களங்கள் இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் என்று சிலவே. ஆகவே இங்கே டிரிஃப்ட் ஓட்டுநர் என்ற வேலை இப்போதைக்கு இல்லை. நக்கிள் செய்ய, ரோல் கேஜ் வெல்டிங் வைக்க, சஸ்பென்ஷன் அமைக்க, எஞ்சின் டியூன் பண்ணத் தெரிந்தவனுக்கு அம்பத்தூரிலும் கோவையிலும் எபிசுவிலும் வேலை இருக்கிறது.

வீட்டில் இந்தப் பித்துப் பிடித்த பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். திட்டாதீர்கள். ஐடிஐயில் வெல்டர் பிரிவிலோ மோட்டார் மெக்கானிக் பிரிவிலோ சேர்த்துவிடுங்கள், நல்ல பட்டறையில் இரண்டு வருடம் நிற்கட்டும். சம்பாதித்த காசில் அவனே டயர் வாங்கி, களத்துக்குக் கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு ஓட்டட்டும். ஈசிஆர் சாலையிலும் ஏற்காடு வளைவிலும் மட்டும் ஓட்ட விடாதீர்கள்.